கரு, ஸ்டெம் செல், ஓட்டு: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: ஆராய்ச்சிக்காகக் கருவிலிருந்து ஸ்டெம் செல் (உடலின் வெவ்வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய ஆரம்பச் செல்) எடுத்தால் நிஜமாகவே அந்தக் கரு அழிகிறதா? இல்லை, அது எதிர்ப்பவர்கள் கிளப்பிவிட்டதா?

அழியத்தான் செய்கிறது, இதில் மழுப்ப ஒன்றுமில்லை. ஐந்து நாள் கரு முற்றுப்புள்ளியை விடச் சின்னது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் நீர் நிறைந்த உருண்டை, உள்ளே ஒரு ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கும் செல் கொத்து. மூளை, நரம்பு, இதயம் எதுவும் இன்னும் இல்லை. அந்தக் கொத்தைப் பிரித்து வளர்த்தால்தான் கருவின் ஸ்டெம் செல் கிடைக்கும், பிரித்த பிறகு அந்தக் கரு வளராது. மனிதக் கருவிலிருந்து இதை முதலில் செய்து காட்டியது அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் குழு, 1998-இல்.

கேள்வி: ஆய்வகத்தில் கருவை 14 நாளுக்கு மேல் வளர்க்கக் கூடாது என்று ஏன் கோடு போட்டார்கள்?

ஏறக்குறைய அந்த நாள்களில்தான் உடலின் தலை, வால் திசை தெரிகிற முதல் கோடு கருவில் விழுகிறது. அதுவரை அது இரட்டையாகக்கூடப் பிரியலாம், அதனால் 'ஒரு ஆள்' என்று சொல்வது கஷ்டம். பிரிட்டனில் அரசு அமைத்த வார்னாக் குழு 1984-இல் இந்த வரம்பைச் சொன்னது, 1990-இல் சட்டமானது. இயற்கை போட்ட கோடு என்று நான் சொல்ல மாட்டேன், மனிதர்கள் பேசி ஒத்துக்கொண்ட கோடு. ஆனால் நியாயமானது.

கேள்வி: அமெரிக்க அரசியலில் யார் நேர்மையாகப் பேசினார்கள்?

இரண்டு பக்கமும் சறுக்கினார்கள். 2006 ஜூலையில் அதிபர் புஷ், கருவின் ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கு அரசுப் பணத்தை விரிவாக்கும் மசோதாவை நிராகரித்துத் தன் முதல் வீட்டோவைப் போட்டபோது, தத்துக் கொடுக்கப்பட்ட உறைகருவிலிருந்து பிறந்த குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இவர்கள் உதிரிப்பாகங்கள் அல்ல என்றார். ஆனால் அந்த மசோதா பேசியது, குழந்தைப்பேறு சிகிச்சைக்குப் பின் மிஞ்சி, எப்படியும் தூக்கிப்போடப்பட இருந்த கருக்களைப் பற்றி, அதுவும் பெற்றோர் எழுத்தில் சம்மதித்தால் மட்டும். படத்தில் இருந்த குழந்தைக்கும் மசோதாவில் இருந்த கருவுக்கும் சம்பந்தமே இல்லை.

மறுபக்கம் மட்டும் என்ன? 2004-இல், விபத்தில் உடல் செயலிழந்த 'சூப்பர்மேன்' நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் இறந்த மறுநாளே, துணை அதிபர் வேட்பாளர் ஜான் எட்வர்ட்ஸ், அதிபர் வேட்பாளர் கெர்ரி ஜெயித்தால் ரீவைப் போன்றவர்கள் சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து நடப்பார்கள் என்று மேடையில் சொன்னார். எனக்கு இதுதான் அதிகம் வலிக்கிறது. கருவைப் பற்றி மனசாட்சியோடு மாறுபடலாம், படுத்த படுக்கையாகக் கிடப்பவரிடம் இல்லாத மருந்தை ஓட்டுக்காகக் காட்டக் கூடாது.

கேள்வி: பார்க்கின்சன் நோய் உள்ள நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ், தேர்தல் விளம்பரத்தில் நோயை நடித்துக் காட்டினார் என்றார்களே?

2006 தேர்தலில், ஸ்டெம் செல் ஆராய்ச்சியை ஆதரித்த மிசூரி மாநில வேட்பாளருக்காகப் பேசினார், உடம்பு ஆடிக்கொண்டே இருந்தது. மாத்திரை போடாமல் வந்திருப்பார், இல்லை நடிக்கிறார் என்று வலதுசாரி ரேடியோ பேச்சாளர் ரஷ் லிம்பா சொன்னார். பார்க்கின்சன் உள்ளவரோடு ஒரு நாள் இருந்தவருக்குத் தெரியும், அந்த வகை ஆட்டம் மாத்திரையின் பக்கவிளைவு. மாத்திரை போடாவிட்டால் உடம்பு விறைத்துப்போகும்.

கேள்வி: ஜப்பான் விஞ்ஞானி யமனாக்கா தோல் செல்லையே ஸ்டெம் செல் போல மாற்றிவிட்டார், இனி கரு எதற்கு?

2006-இல் எலியில், 2007-இல் மனித செல்லில் சாதித்தார், பெரிய விஷயம்தான். ஆனாலும் அந்தச் செல்களை ஒப்பிட்டுப் பார்க்கக் கருவின் ஸ்டெம் செல் இன்னும் தேவைப்படுகிறது.

கேள்வி: எங்களுக்கு ஐவிஎஃப் முடிந்து மூன்று கருக்கள் உறைவில் இருக்கின்றன. ஆராய்ச்சிக்குக் கொடுத்தால் தப்பா?

தப்பில்லை என்பது என் கருத்து. ஆனால் கையெழுத்துக்கு முன்னால் கேளுங்கள்: எந்த ஆராய்ச்சி, செல்களை வேறு ஆய்வகத்துக்குக் கொடுப்பார்களா, எதுவரை மனம் மாறலாம். செல் வரிசை ஒருமுறை உருவாகிவிட்டால் அது பல வருஷம் வளர்ந்துகொண்டே இருக்கும், அப்புறம் திரும்ப வாங்குவது நடக்காத காரியம். உங்கள் இருவரில் ஒருவருக்குத் தயக்கம் இருந்தாலும் இப்போதைக்கு அப்படியே விட்டுவையுங்கள்.