சோதனைக் கோப்புகளை மூலக் கோப்புக்குப் பக்கத்தில் வைப்பதா, தனிக் கோப்புறையிலா?

உங்கள் நிரல் மொழியின் வழக்கத்தை முதலில் பாருங்கள். பாதிக் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும். கோ மொழியில் ‘_டெஸ்ட்.கோ’ என்று முடியும் கோப்பு மூலக் கோப்பின் பக்கத்திலேயே இருக்கும். பில்டு (மூலக் கோப்புகளை இயங்கும் நிரலாக்கும் படி) அதை ஒதுக்கிவிடும். ஜாவாவில் மேவன் என்ற பில்டு கருவி மெயின், டெஸ்ட் என இரு கிளைகளாகப் பிரிக்கிறது. ஆனால் பேக்கேஜ் (தொடர்புள்ள நிரல்களின் தொகுப்பு) பெயர் இரண்டிலும் ஒன்றாக இருந்தால், பப்ளிக், அதாவது எல்லோருக்கும் திறந்தது, என்று அறிவிக்காத மெத்தடையும் (பிரைவேட் தவிர) நேரடியாகச் சோதிக்கலாம்.

ஜாவாஸ்கிரிப்டில் நான் பக்கத்திலேயே வைப்பேன். சோதனை இல்லாத கோப்பு பார்த்தவுடனே கண்ணை உறுத்தும்.

பைத்தானில் தனிக் கோப்புறைதான் என் விருப்பம். ஒன்று கவனியுங்கள்: இரண்டு துணைக் கோப்புறைகளில் ‘டெஸ்ட்_யூட்டில்ஸ்.பை’ என்று ஒரே பெயரில் கோப்புகள் இருந்து, அங்கே கோப்புறையைப் பேக்கேஜாகக் காட்டும் ‘__இனிட்__.பை’ கோப்பு இல்லாவிட்டால், பைடெஸ்ட் என்ற சோதனைக் கருவி தன் இயல்பு அமைப்பில் பெயர் மோதுகிறது என்று நின்றுவிடும். இதற்கு ஒரு மாலை முழுவதையும் பறிகொடுத்திருக்கிறேன்.