குளத்தைக் கேளுங்கள், வயலைக் கேளுங்கள்

கேள்வி: எங்கள் சனசமூக நிலைய இளைஞர்கள் சேர்ந்து ஊருக்கென ஓர் இணையத்தளம் தொடங்கியிருக்கிறோம். முதியவர்களின் ஊர் நினைவுகளை அதில் போட விருப்பம். ஆனால் ஃபோனை நீட்டி "பழைய கதை சொல்லுங்கோ" என்றால் "என்னத்தைச் சொல்லுறது பிள்ளை" என்று நிறுத்திவிடுகிறார்கள். சிலர் போரின் கடைசி இடப்பெயர்வைச் சொல்லத் தொடங்கி அழுதுவிடுகிறார்கள். ஆண்டுகளும் ஆளுக்கொன்றாக வருகின்றன. என்ன செய்யலாம்? - இலங்கை வன்னியின் ஒட்டுசுட்டான் பக்கத்து வாசகி

பதில்: தங்கச்சி, "பழைய கதை" என்று கேட்டால் எவருக்கும் வாய் வராது. அவர்கள் செய்த வேலையைக் கேளுங்கள். காலபோகத்துக்கு, அதாவது மாரிமழை நெற்செய்கைக்கு, எப்போது உழத் தொடங்குவீர்கள்? சூடு மிதிக்க (கதிரிலிருந்து நெல்லைப் பிரிக்க) யார் யார் வருவார்கள், கூலியாக நெல்லா காசா? காவல் பரண் எந்த மரத்தில் இருந்தது, யானை எந்தப் பக்கத்தால் இறங்கும்? குளம் நிரம்பி வான் பாய்ந்தால் எந்தப் பாதை முடங்கும்? பாலைப்பழத்துக்கு எந்தக் காட்டுக்குப் போனீர்கள்? வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு மாட்டுவண்டில் கட்டிப் போனால் இரவு எங்கே தங்கினீர்கள்? கரையோர ஊர் என்றால் கரைவலைப் பங்கு எப்படிப் பிரித்தார்கள்? இப்படி ஒரு கேள்வி போதும், ஒரு மணித்தியாலம் பேசுவார்கள். நடக்கக்கூடியவர் என்றால் குளக்கட்டுக்கே கூட்டிப்போங்கள். தண்ணீர் திறக்கும் மதகான துருசைக் கண்டதும் அதைத் திறந்தவரின் பெயர் தானாக வரும்.

ஆண்டை நேரே கேட்க வேண்டாம். ஊரெல்லாம் அறிந்த சம்பவங்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அதற்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். 1964 மார்கழிப் புயல், 1970களில் இறக்குமதி கட்டுப்பட்டு மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்த காலம், 1977 கலவரம், யாழ்தேவி ரயில் நின்றுபோன 1990, யாழ்ப்பாணத்துச் சனம் பெருவாரியாக வன்னிக்குள் வந்த 1995, ஏ9 பாதை திறந்த 2002, 2004 சுனாமி. "மூத்தவள் பிறந்தது புயலுக்கு முதலா?" என்றால் பெரும்பாலும் கிட்டத்தட்ட எந்த ஆண்டு என்று தெரிந்துவிடும். இரண்டு பேர் வேறு வேறாகச் சொன்னால் இரண்டையும் பெயரோடு பதியுங்கள். எது சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை.

யாரிடம் கேட்கிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். கோயில் தர்மகர்த்தா, ஓய்வுபெற்ற அதிபர், பழைய விதானையார் (கிராம அலுவலர்) என்று மூன்று பேரோடு நின்றுவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. வன்னி ஊர் ஒன்றில் பல வரலாறுகள் பக்கத்துப் பக்கத்து வளவுகளில் இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாகக் குளத்தடியில் இருந்தவர்கள் ஒரு பக்கம். குடியேற்றத் திட்டங்களில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டியவர்கள் இன்னொரு பக்கம். 1958, 1977 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து, பிறர் வயலில் கூலிக்கு நின்றவர்களின் நினைவு மிகக் குறைவாகவே எழுத்தில் வந்திருக்கிறது. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் உங்கள் ஊரில் இருந்திருந்தால், அவர்கள் இப்போது புத்தளத்தில் இருந்தாலும் தேடிக் கேளுங்கள். அவர்களில்லாத ஊர்க்கதை அரைக்கதைதான். பெண்களைத் தனியாக, குசினிப் பக்கம் இருந்து கேளுங்கள். முன் விறாந்தையில் ஐயா பேசும்போது அம்மா வாய் திறக்க மாட்டார்.

அழுகையைப் பற்றிக் கேட்டீர்கள். போரைப் பற்றி நீங்களாகக் கேள்வி கேட்க வேண்டாம். அவர்களாகச் சொன்னால் இடைமறிக்காமல் இருந்து கேளுங்கள், அழத் தொடங்கினால் "நிப்பாட்டட்டா அம்மா?" என்று கேட்டு ரெக்கோடரை நிறுத்துங்கள். உடனே எழுந்து வந்துவிடக் கூடாது. தேத்தண்ணி குடித்து, வேறு கதை பேசி, ஆள் ஆறிய பிறகு புறப்படுங்கள். இரண்டு நாள் கழித்து ஒருமுறை போய்ப் பாருங்கள்.

சம்மதம் இரண்டு முறை வேண்டும். பதிவு செய்வதற்கு ஒன்று, வெளியிடுவதற்கு ஒன்று. இரண்டாவதை அவர் தன் குரலைத் திருப்பிக் கேட்ட பிறகு வாங்குங்கள். பேசும் வேகத்தில் அயலவரின் காணி எல்லை, உறுதிப் பத்திரம் இல்லாத வளவு, காணாமல் போனவரின் பெயர், யார் எந்தப் பக்கம் நின்றார் என்பதெல்லாம் வந்துவிடும். இவை இன்னும் ஒருவருடைய வழக்கையோ பாதுகாப்பையோ தொடக்கூடியவை. அந்தப் பகுதிகளைத் தளத்தில் போடாதீர்கள். முழுப் பதிவை வைத்திருப்பதா அழிப்பதா என்று சொன்னவரே முடிவு செய்யட்டும். பிறகொரு நாள் "எடுத்துவிடு" என்றால் கேள்வி கேட்காமல் எடுக்க வேண்டும் என்று உங்கள் குழுவில் இப்போதே தீர்மானியுங்கள்.

கருவி பெரிய விடயமில்லை. அழைப்பு வராதபடி ஃபோனை பறக்கும் நிலைக்கு (ஃபிளைட் மோட்) மாற்றி, மடித்த துவாயின் மேல் அவருக்கு ஒரு முழத் தூரத்தில் வையுங்கள். ஃபானையும் டிவியையும் நிறுத்தச் சொல்லுங்கள். திகதி, இடம், பெயரை முதலில் உங்கள் குரலில் சொல்லுங்கள். அன்றிரவே மூன்று இடங்களில் பிரதி எடுங்கள், அதில் ஒன்று ஊருக்கு வெளியே இருக்கட்டும். இணையத்தளத்தைக் களஞ்சியமாக நம்பாதீர்கள், கட்டணம் கட்டாவிட்டால் ஒரு நாளில் போய்விடும். 2005 முதல் ஈழத்து எழுத்தாவணங்களை இலவசமாக இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் திட்டத்தினர் வாய்மொழி வரலாறுகளையும் பதிகிறார்கள். அவர்களோடு பேசிப் பாருங்கள்.

படங்கள் இல்லை என்று சோர வேண்டாம். இடப்பெயர்வுகளில் அல்பங்கள் போய்விட்டாலும், கலியாணப் படமும் சாமத்திய வீட்டு (பூப்புனித நீராட்டு) படமும் அக்காலத்தில் கடிதத்தோடு வெளிநாட்டுக்குப் போயிருக்கும். கனடாவிலும் லண்டனிலும் உள்ள சொந்தங்களிடம் கேளுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பெயரும் திகதியும் அங்கேதான் எழுதியிருக்கும்.

மாசி, பங்குனி வெட்டு நேரத்தில் யாரையும் தொந்தரவு செய்யாதீர்கள். மற்ற மாதங்களில் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு போகலாம். ஊரில் வயதில் மூத்தவரிடம் முதலில் போங்கள், தளத்தின் வடிவமைப்பு காத்திருக்கட்டும். எழுதும்போது அவர்களுடைய பேச்சை இலக்கணத் தமிழாக்காமல் அப்படியே எழுதுங்கள். பிறகு பெரிய எழுத்தில் அச்சடித்து அவர் கையில் கொடுங்கள். கண் தெரியாவிட்டால் வாசித்துக் காட்டுங்கள். அவர் பிழை என்று சொன்ன இடங்களைத் திருத்திவிட்டுத் தளத்தில் ஏற்றுங்கள்.