பெயர்தான் கம்மி: 2,300 டாலருக்காக கிரீன் கார்டைப் பணயம் வைக்காதீர்கள்

கேள்வி (சுருக்கம்): நியூ ஜெர்சியில் 11 வருடமாக ஹெச்1பி வேலை விசாவில் இருக்கிறேன். 2020 அக்டோபரில் விண்ணப்பிக்க எங்கள் வரிசைத் தேதி திறந்தபோது நானும் மனைவியும் 485 (கிரீன் கார்டு விண்ணப்பம்) போட்டோம், இன்னும் முடியவில்லை. ஆறு வயது மகன் இங்கே பிறந்தவன். அபார்ட்மெண்டைக் காலி செய்தபோது வீட்டுக்காரர் "கஞ்சா வாடை" என்று சொல்லி, கார்பெட், பெயிண்ட், ஓசோன் ட்ரீட்மெண்ட் என்று கணக்குக் காட்டி டெபாசிட்டில் 2,300 டாலரைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கணக்கும் 47ஆம் நாள்தான் வந்தது, அதுவும் ஈமெயிலில். நான் வாழ்நாளில் புகைத்ததில்லை. தூக்கத்துக்காக இரவில் கம்மி (கஞ்சா கலந்த மிட்டாய்) மட்டும் எடுப்பேன், அதுவும் லைசென்ஸ் உள்ள கடையில் வரி கட்டி வாங்கியது. நாலு ரசீது வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் பால்கனியில் ஊதினால் யாரும் கேட்பதில்லை, நம் ஆட்கள் என்றால் இளக்காரம். ஸ்மால் கிளெயிம்ஸில் (சிறு தொகை வழக்கு நீதிமன்றம்) இரட்டிப்பாகக் கேட்டு வழக்குப் போடப்போகிறேன். முன்னதாக அனுப்பவிருக்கும் கடிதத்தை ரசீதுகளோடு இணைத்துள்ளேன். மனைவி சாட்சி சொல்லத் தயார். "800 தருகிறேன், கையெழுத்துப் போடு" என்கிறார் வீட்டுக்காரர். என்ன செய்யலாம்?

பதில்:

அந்தக் கடிதத்தை அனுப்பாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

வீட்டுக்காரர் செய்தது தப்பா என்றால், தப்புதான். நியூ ஜெர்சியில் டெபாசிட்டையோ கழிவுக் கணக்கையோ 30 நாளுக்குள் முறைப்படி அனுப்ப வேண்டும். 47ஆம் நாள் ஈமெயில் அதில் சேராது. நியாயமில்லாமல் பிடித்த தொகைக்கு இரட்டிப்பு உண்டு. நீங்கள் போட்ட 4,600 டாலர் கணக்கு, டெபாசிட் வழக்குகளுக்கு ஸ்மால் கிளெயிம்ஸ் வைத்திருக்கும் 5,000 வரம்புக்குள்ளும் அடங்குகிறது. வழக்குப் போட்டால் ஜெயிக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. உங்களை வழக்குப் பக்கம் இழுப்பதும் அதுதான் என்பதால்தான் எனக்குக் கவலை. இளக்காரம், பால்கனிப் புகை, வரி கட்டியது எதுவும் உங்கள் கோப்பில் ஒரு வரி கூட நகர்த்தாது. விட்டுவிடுங்கள்.

உங்கள் விஷயத்தில் சட்டம் பார்க்கும் கேள்வி ஒன்றுதான்: அமெரிக்கக் குடிமகன் அல்லாத ஒருவர், போதைப்பொருள் சட்டத்தை மீறியதாகத் தன் வாயால் ஒப்புக்கொண்டாரா? குடிவரவுச் சட்டத்தில் போதைப்பொருள் விஷயமாக உங்களைத் தடுக்க நீதிமன்றத் தண்டனை தேவையில்லை, கைது தேவையில்லை. குற்றத்தின் கூறுகளை ஒப்புக்கொண்டாலே அனுமதிக்கத் தகாதவர் ஆகிவிடலாம். 485 என்பது சட்டத்தின் கண்ணில் நாட்டுக்குள் அனுமதி கேட்பதற்குச் சமம் என்பதால், 11 வருடம் இங்கே இருந்தீர்கள் என்பது கணக்கில் வராது.

"இங்கே லீகல்" என்பது மாநிலச் சட்டம். 2020 நவம்பர் வாக்கெடுப்பு, 2021 பிப்ரவரியில் கவர்னர் கையெழுத்து, 2022 ஏப்ரல் 21 அன்று கடை திறப்பு, ஆள் ஒன்றுக்கு 6 அவுன்ஸ் வரை, எல்லாம் சரி. 24 மாநிலங்கள் இப்படித் திறந்துவிட்டிருக்கின்றன. ஆனால் கிரீன் கார்டைத் தருவது மாநிலத் தலைநகர் டிரென்டன் இல்லை, வாஷிங்டன். ஃபெடரல் (மத்திய அரசு) சட்டம் 1970இல் கஞ்சாவை மிகக் கடுமையான முதல் பட்டியலில் வைத்தது. சும்மா கையில் வைத்திருப்பதே அங்கே ஒரு வருடம் வரை சிறைக்குரிய குற்றம். மூன்றாம் பட்டியலுக்கு இறக்கும் பேச்சைக் கேட்டு நிம்மதி அடைகிறவர்கள் நிறைய. 2024 மே மாதம் அதற்கான விதி முன்மொழியப்பட்டது, 2025 டிசம்பரில் ஜனாதிபதி அதை விரைவுபடுத்தச் சொன்னார். ஆனால் குடிவரவுச் சட்டம் "முதல் பட்டியல்" என்று சொல்லவில்லை. கட்டுப்படுத்தப்பட்ட பொருள் என்று மட்டும் சொல்கிறது, அதில் ஐந்து பட்டியலும் அடக்கம். எந்தப் பட்டியலில் இருந்தாலும், மருந்துச் சீட்டில்லாமல் கடையில் வாங்கிய கம்மிக்கு அங்கே பாதுகாப்பு கிடைக்காது. 2022 அக்டோபரில் வந்த பொதுமன்னிப்பும் குடிமக்களுக்கும் கிரீன் கார்டுக்காரர்களுக்கும்தான், ஹெச்1பி-க்கு இல்லை. விவாதத்தில் எந்தக் கட்சி ஜெயித்தாலும் உங்கள் படிவத்தில் உள்ள கேள்வி அப்படியேதான் இருக்கும்.

இப்போது உங்கள் கடிதம். மூன்றாம் பத்தியில் "நான் புகைத்ததே இல்லை, உரிமம் பெற்ற கடையில் வாங்கிய டிஎச்சி கம்மிகளை மட்டுமே இரவில் எடுத்துக்கொள்வேன், ரசீதுகள் இணைப்பில்" என்று எழுதியிருக்கிறீர்கள். டிஎச்சி என்பது கஞ்சாவில் போதை தரும் பொருள். வீட்டுக்காரருக்கு இது மறுப்பு. குடிவரவு அதிகாரி படித்தால் என்ன பொருள், எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதி, தெரிந்தே வாங்கியது என்று குற்றத்தின் ஒவ்வொரு கூறும் வரிசையாக, உங்கள் கையெழுத்தோடு இருக்கிறது. ஒரு வக்கீல் உட்கார்ந்து உங்களுக்கு எதிராக எழுதினாலும் இவ்வளவு சுத்தமாக வராது.

ரசீதுகள் அதைவிட மோசம். போதைப்பொருள் தடைக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு: 30 கிராம் அல்லது அதற்குக் குறைவான கஞ்சாவைச் சொந்தப் பயனுக்கு வைத்திருந்த, ஒரே ஒரு சம்பவம். உங்கள் மகன் குடிமகன் என்பதால், உங்களை அனுப்பினால் அவனுக்கு மிகக் கடுமையான கஷ்டம் என்று நிரூபித்து அந்த விலக்கைக் கேட்க உங்களுக்கு ஒரு வாசல் இருக்கிறது. நாலு ரசீது என்றால் நாலு தேதி, நாலு சம்பவம். ஒரே சம்பவம் என்ற வாதத்தை இணைப்பு 1 முதல் 4 வரை நீங்களே மூடிவிடுகிறீர்கள். அந்தச் சரக்குக்குப் பெயர்தான் கம்மி.

வீட்டுக்காரரிடம் ஒப்புக்கொண்டது சட்டப்படி ஒப்புதல் ஆகாதே என்று கேட்பீர்கள். நேரடியாக ஆகாது. 1957இலிருந்து இருக்கும் ஒரு விதிப்படி, அதிகாரி குற்றத்தின் வரையறையைப் புரியும்படி சொல்லி, நீங்கள் உங்கள் விருப்பப்படி எல்லாக் கூறுகளையும் ஒப்புக்கொண்டால்தான் அது செல்லும். ஆனால் கடிதம் அதிகாரியின் கைக்கு வந்தால் அவர் என்ன கேட்க வேண்டும் என்பதை அது சொல்லிக் கொடுத்துவிடும். பிறகு சத்தியப் பிரமாணத்தில் அதையே உங்களிடம் கேட்பார். அந்த 1957 விதி அப்பீலில் பேச உதவும், கவுண்டரில் உதவாது. ஏர்போர்ட்டில் இரண்டாம் சோதனை அறையில் அதிகாரி கேள்வி பதிலாகத் தட்டச்சு செய்து, பக்கத்துக்குப் பக்கம் சுருக்கொப்பம் போடச் சொல்வார். 16 மணி நேரம் பறந்து வந்த களைப்பில் எல்லோரும் போட்டுவிடுகிறார்கள்.

வழக்குப் போட்டால் என்ன ஆகும்? "30 நாள் தாண்டிவிட்டது என்று மட்டும் சொல்வேன், கஞ்சா பேச்சையே எடுக்க மாட்டேன்" என்று நினைக்கலாம். பேச்சை எடுக்கப்போவது வீட்டுக்காரர். கணக்குத் தாமதமானாலும் சேதத்துக்கு எதிர்வழக்குப் போட அவருக்குத் தடையில்லை. அவர் சொன்னதும் நீதிபதி உங்களைப் பார்த்து "புகைத்தீர்களா?" என்பார். சத்தியம் செய்துவிட்டீர்கள், விசாரணை பதிவாகிறது. "இல்லை, கம்மி மட்டும்தான்" என்று வாய் தானாகச் சொல்லும், ஏனென்றால் உங்கள் மனசில் அதுதான் நியாயம். பதில் சொல்ல மறுத்தால் சிவில் வழக்கில் அதையே உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம். ஜெயித்து 4,600 டாலர் செக்கோடு வெளியே வருவீர்கள், பதிவு அங்கேயே இருக்கும்.

மனைவியைச் சாட்சிக்கு அழைத்துப் போகவே கூடாது. அவர் சொல்லும் "என் கணவர் கம்மி மட்டும்தான் சாப்பிடுவார்" உங்களைக் கெடுக்கும். அவருடைய 485 உங்களுடையதில் தொங்கிக்கொண்டிருக்கிறது, உங்களுடையது நிராகரிக்கப்பட்டால் அதுவும் கூடவே போகும். குறுக்கு விசாரணையில் "நீங்களும் எடுத்ததுண்டா?" என்று கேட்டால் இரண்டு பேருக்கும் சிக்கல்.

ஆகவே 800 டாலரை வாங்கிக்கொண்டு முடியுங்கள். 1,000 கேட்டுப் பாருங்கள், தராவிட்டால் 800. மிச்சத்தைக் கிரீன் கார்டுச் செலவில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் சமரசத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது, வழக்கைத் தவிர்த்தவர்கள் அதில்தான் மாட்டுகிறார்கள். வீட்டுக்காரர் தரும் விடுதலைப் பத்திரத்தில் இரண்டாவது அல்லது மூன்றாவது பத்தியில் "வாடகைதாரர் வீட்டில் கஞ்சா பயன்படுத்தியதை ஒப்புக்கொள்கிறார்" என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். பிறகு நீங்கள் வழக்குப் போடாமலிருக்க அவருடைய ஆள் போட்ட வரி அது. தொகை சரியா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அந்த வரியை அடித்துத் திருத்தச் சொல்லாதீர்கள், அடித்தது தெரியும் காகிதமும் காகிதம்தான். புதிதாகத் தட்டச்சு செய்த பத்திரம் கேளுங்கள். அதில் "டெபாசிட் கழிவுகள் தொடர்பான கருத்து வேறுபாடு", "எந்தத் தரப்பும் எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளவில்லை", தொகை, தேதி, இரு தரப்பும் இனி எதுவும் கோர மாட்டார்கள் என்பது மட்டும் இருக்கட்டும். வாடை, புகை, கஞ்சா என்ற சொற்களே வேண்டாம். "குடிவரவுத் துறைக்குச் சொல்ல மாட்டேன்" என்று எழுதித் தரச் சொல்லி நீங்களாகக் கேட்காதீர்கள். உங்கள் பயம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும், 800 அப்போதே 300 ஆகும்.

இருக்கும் ரசீதையும் மெசேஜையும் அழிக்கவும் வேண்டாம். தகராறு நடக்கும்போது அழிப்பது தனிப் பிரச்சினை. புதிதாக எதையும் உருவாக்காமல் இருந்தால் போதும். கடையின் பாயின்ட்ஸ் கணக்கில் உங்கள் போன் நம்பர் இருக்கிறதா என்பது பற்றிக் கவலைப்படுவதைவிட, இன்றே கம்மியை நிறுத்துவது முக்கியம். அது டிஎச்சி 0.3 சதவீதத்துக்குள் உள்ள ஹெம்ப் (போதை குறைந்த கஞ்சா வகை) என்றால் 2018 சட்டப்படி கதை வேறு. 2025 நவம்பரில் வந்த சட்டம் அந்த வாசலையும் ஒரு வருட அவகாசம் கொடுத்துச் சாத்துகிறது. லைசென்ஸ் கடையில் வாங்கியதாக நீங்களே சொல்வதால் பெரும்பாலும் அது ஹெம்ப் இல்லை.

ஏன் நிறுத்த வேண்டும்? 485-க்கான மெடிக்கல். 2020-21இல் கொடுத்த 693 (மெடிக்கல் படிவம்) காலாவதியாகியிருக்கும், புதிதாகக் கேட்டுக் கடிதம் வரும். அந்த மெடிக்கலைச் செய்யும் சிவில் சர்ஜனை (குடிவரவுத் துறை அங்கீகரித்த டாக்டர்) உங்கள் குடும்ப டாக்டர் என்று நினைக்காதீர்கள், அவர் எழுதுவது நேராக கோப்புக்குப் போகும். "தூக்கத்துக்கு ஏதாவது எடுக்கிறீர்களா?" என்று நல்ல மாதிரியாகக் கேட்பார். போதைப் பழக்கக் கோளாறு என்று எழுதிவிட்டால், 12 மாதம் விட்டிருப்பதைக் காட்டும்வரை கோப்பு நகராது. அதைவிட, மெடிக்கலில் டாக்டரிடம் சொன்னதையே குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஒன்பதாவது சர்க்யூட் நீதிமன்றம் (ஒரு வட்டாரத்துக்கான ஃபெடரல் அப்பீல் நீதிமன்றம்) 2002இல் தீர்ப்பளித்திருக்கிறது. மணிலாவில் விசா மெடிக்கலின்போது கஞ்சா புகைத்ததைச் சொன்னவரின் வழக்கு அது. உங்கள் நீதிமன்றம் மூன்றாவது சர்க்யூட் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். நான் சொல்ல மாட்டேன்.

அப்படியென்றால் பொய் சொல்லிவிடலாமா? கூடாது. தெரிந்தே சொன்ன பொய் தனித் தடை, அதற்குக் காலாவதி இல்லை. அந்தத் தடைக்கான விலக்கைக் கேட்க வாழ்க்கைத்துணையோ பெற்றோரோ குடிமகனாகவோ கிரீன் கார்டுக்காரராகவோ இருக்க வேண்டும். மகன் கணக்கில் வரமாட்டான். கஞ்சாவுக்கு உதவும் பிள்ளை பொய்க்கு உதவமாட்டான். 2020இல் படிவம் போட்டபோது "எப்போதாவது போதைப்பொருள் சட்டத்தை மீறியதுண்டா" என்பதற்கு நீங்கள் "இல்லை" என்றது அன்றைக்கு உண்மையாக இருக்கலாம், கடையே 2022இல்தான் திறந்தது. இன்டர்வியூவில் அதே கேள்வியைச் சத்தியத்தில் மறுபடி கேட்பார்கள். "எப்போதாவது" என்பதில் கொடைக்கானல் காலேஜ் டூரும் அடக்கம், வெளிநாட்டுச் சட்டமும் சேர்த்துத்தான் கேள்வி. ஆம், இல்லை இரண்டையும் நீங்களாகத் தீர்மானிக்காதீர்கள். மெடிக்கலுக்கு அப்பாயின்ட்மென்ட் எடுப்பதற்கு முன் குடிவரவு வக்கீல் ஒருவரிடம், நடந்ததை எல்லாம் அப்படியே சொல்லி, ஒரு மணி நேரம் உட்காருங்கள். அவரிடம் சொல்வது வெளியே போகாது. பேசாமலிருப்பதும் பொய் சொல்வதும் வேறு, எந்த இடத்தில் எது பொருந்தும் என்பதை அவர்தான் சொல்ல முடியும்.

அதுவரை சென்னை போய் விசா ஸ்டாம்பிங் செய்யும் எண்ணம் இருந்தால் தள்ளிப்போடுங்கள். விசா விண்ணப்பப் படிவமான டிஎஸ்-160இலும் அதே கேள்வி இருக்கிறது. 2025 டிசம்பர் 15 முதல் ஹெச்1பி, ஹெச்4 (குடும்பத்தினருக்கான விசா) கேட்பவர்கள் சமூக வலைத்தளக் கணக்குகளைத் திறந்து வைக்க வேண்டும் என்று வேறு ஆகிவிட்டது.

வீட்டுக்காரர் செக் தந்ததும் பாங்கில் போடுமுன் இடது மூலையில் உள்ள மெமோ வரியைப் படியுங்கள். "வீட் (weed, கஞ்சா) டேமேஜ் செட்டில்மென்ட்" என்று எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்து வேறு செக் வாங்குங்கள்.