பாரியில் பனி, கையில் 22,000 டொலர்: எந்த ஆல் வீல் டிரைவை நம்பி வாங்கலாம்?

கேள்வி: கடந்த கோடையில் ஒன்ராறியோவில் ஸ்காபரோவிலிருந்து பாரி நகருக்கு வீடு மாறினோம். மனைவிக்கு மருத்துவமனையில் இரவு வேலை. எங்கள் டிரைவ்வே நல்ல ஏற்றம். வின்டர் டயர் போட்டும் கொரோலா இரண்டு முறை பாதியில் நின்றுவிட்டது. இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள மாமி, எல்லோரும் ஏற வேண்டும். வரியோடு சேர்த்து 22,000 டொலருக்கு மேல் முடியாது. பழைய எஸ்யூவி அல்லது ஸ்டேஷன் வேகனில் எதை நம்பி வாங்கலாம்? கொரோலாவின் வின்டர் டயர்களை அதற்குப் பாவிக்கலாமா?

பதில்: காரின் பெயரைச் சொல்வதற்கு முன் பணத்தைப் பிரித்துவிடுவோம். ஒன்ராறியோவில் 13 வீத விற்பனை வரி இருக்கிறது. 17,500 டொலர் என்று எழுதியிருக்கும் காருக்கு வரியோடு 19,775 போய்விடும். மிச்சம் இருப்பது இரண்டாயிரத்துச் சொச்சம். அதில்தான் வின்டர் டயர், வாங்குமுன் ஒரு மெக்கானிக்கிடம் சோதனை, வாங்கியதும் மாற்ற வேண்டிய ஒயில்கள் எல்லாம் வர வேண்டும். ஆகவே நீங்கள் தேட வேண்டியது 17,500 டொலர் கார். 21,000 டொலர் காரைப் பார்த்து மயங்கி வாங்கிவிட்டு, டயரை அடுத்த வருடம் பார்ப்போம் என்று விட்டவர்கள் பலரை கராஜில் பார்த்திருக்கிறேன். உங்கள் மனைவி இரவு வேலை முடித்து, தூக்கக் கலக்கத்தோடு, வீதியில் பனி அள்ளும் வண்டி வருமுன் ஓட்டி வரப்போகிறார். டயரில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ஆல் வீல் டிரைவ், அதாவது எஞ்சின் நான்கு சக்கரங்களையும் ஓட்டும் அமைப்பு, கார் நகர உதவும். நிற்க உதவாது. வளைவில் வழுக்கினால் பெரிதாகக் காப்பாற்றவும் செய்யாது. நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் எல்லாக் காரிலும் இருக்கிறது. ஐஸில் அந்தப் பிரேக்கைப் பிடித்து வைப்பது டயரின் ரப்பர் மட்டும்தான். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும், வின்டர் டயர் மென்மையாகவே இருக்கும். ஜோர்ஜியன் வளைகுடாவிலிருந்து பனிப்புயல் வீசும் நாட்களில் 400ஆம் நெடுஞ்சாலையில் பள்ளத்துக்குள் கிடக்கும் வாகனங்களைக் கவனியுங்கள். ஆல் வீல் டிரைவ் எஸ்யூவிகளும் அவற்றில் இருக்கும். ஏறும்போது வழுக்கவில்லை என்ற தைரியத்தில் வேகம் கூடிவிடுகிறது. ஆனாலும் உங்கள் ஏற்றமான டிரைவ்வேக்கு ஆல் வீல் டிரைவ் உண்மையிலேயே தேவைதான். வின்டர் டயரோடும் முன்சக்கரக் கார் ஏறவில்லை என்றால் வேறு வழியில்லை.

சரி, இனி கார்கள்.

உங்கள் நிலைமைக்கு நான் முதலில் தேடச் சொல்வது மஸ்டா சிஎக்ஸ்-5, 2017 அல்லது அதற்குப் பிந்திய மொடல், டேர்போ இல்லாத 2.5 லீற்றர் எஞ்சின். அதில் இருப்பது பழைய பாணி ஆறு கியர் ஒட்டோமட்டிக், சிவிடி (படிப்படியான கியர்கள் இல்லாத ஒட்டோமட்டிக்) இல்லை. பழைய கார் வாங்குபவருக்கு இது பெரிய நிம்மதி. 2018 மொடலிலிருந்து இந்த எஞ்சினில் தேவை குறையும்போது இரண்டு சிலிண்டர்களை நிறுத்தி வைக்கும் வசதி வந்தது. அதன் மென்பொருளில் இருந்த குறைக்காக 2018, 2019 மொடல்களை மஸ்டா திரும்ப அழைத்தது. அந்த வேலை செய்யப்பட்டதா என்று டீலரிடம் வாகன அடையாள எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள், இலவசமாகவே சொல்வார்கள். குறை என்றால் பின்பக்க இடம் கொஞ்சம் குறைவு. பிள்ளைகளின் ஸ்ட்ரோலர், மாமியின் பை, கடைச் சாமான் எல்லாம் ஒன்றாக வைத்தால் நெருக்கும்.

இரண்டாவது, டொயோட்டா ராவ்4, 2016 முதல் 2018 வரை. 2.5 லீற்றர் எஞ்சின், ஆறு கியர் ஒட்டோமட்டிக், சொல்லிக்கொள்ளும் பெரிய வியாதி எதுவும் இல்லாத கார். சாதாரண நேரத்தில் முன்சக்கரங்கள் ஓடும், வழுக்கினால் பின்சக்கரங்களுக்குச் சக்தி போகும். அதோடு ஒரு லொக் பொத்தானும் இருக்கிறது. அதை அழுத்தினால் குறைந்த வேகத்தில் முன்னும் பின்னும் சேர்ந்தே இழுக்கும். உங்கள் டிரைவ்வேக்கு அந்தப் பொத்தான் செய்து வைத்ததுபோல இருக்கும். ஆனால் ராவ்4 விலை இறங்காத கார். உங்கள் பணத்துக்குக் கிடைப்பது அதிகம் ஓடியதாகத்தான் இருக்கும். 1,60,000 கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் பராமரிப்புப் பதிவு ஒழுங்காக இருந்தால் நான் பயப்பட மாட்டேன். பதிவே இல்லாத 90,000 கிலோமீட்டர் காருக்குத்தான் பயப்படுவேன்.

2019க்குப் பிந்திய ராவ்4 ஹைப்ரிட் மலிவாகக் கண்ணில் பட்டால் ஒரு நிமிடம் நில்லுங்கள். அதில் பின்சக்கரங்களை ஓட்டுவது தனி மின்மோட்டார். அதற்குப் போகும் உயர் மின்னழுத்தக் கேபிளின் இணைப்பு, வீதியில் போடும் உப்பால் அரித்துப் போகும் பிரச்சினை ஆரம்ப வருட மொடல்களில் வந்தது. சொந்தச் செலவில் மாற்றினால் பல ஆயிரம் டொலர். டொயோட்டா அந்தக் கேபிளுக்கு உத்தரவாதத்தை நீட்டித்தது. அது இன்னும் செல்லுமா என்பதை டீலரிடம் உறுதிசெய்யாமல் வாங்க வேண்டாம்.

வேகன் கேட்டீர்கள். அதில் சுபாரு அவுட்பாக்கைத் தவிர வேறு பெரிய தெரிவு இந்த விலையில் இல்லை. உயரமான கார் வேண்டுமென்றால் அதே நிறுவனத்தின் ஃபொறெஸ்ரர். பனியில் ஓட்டிப் பார்த்தால் இவை இரண்டும் மற்றவற்றைவிட ஒரு படி மேல் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நான்கு சக்கரங்களும் எந்த நேரமும் வேலை செய்கின்றன, வழுக்கும்வரை காத்திருப்பதில்லை. தரையிலிருந்து 22 சென்ரிமீற்றர் உயரம். மேலே சொன்ன ராவ்4 ஏறக்குறைய 16தான். பனி அள்ளாத தெருவில் இந்த வித்தியாசம் தெரியும். மாமிக்கும் ஃபொறெஸ்ரர்தான் சுகம்: இருக்கை இடுப்பு உயரத்தில், கதவு அகலமாகத் திறக்கும், குனியவும் வேண்டாம் ஏறவும் வேண்டாம்.

பிறகு ஏன் முதலிடம் கொடுக்கவில்லை? ஒட்டோமட்டிக் சுபாருக்களில் இருப்பது சிவிடி கியர்பொக்ஸ். 2010 முதல் 2015 வரையான பல மொடல்களுக்கு அந்த நிறுவனமே அமெரிக்காவில் சிவிடி உத்தரவாதத்தை 10 வருடமாக நீட்ட வேண்டி வந்தது. 2011 முதல் 2014 வரை வந்த சில 2.5 லீற்றர் எஞ்சின்கள் ஒயில் குடித்தன, அது வழக்குவரை போனது. அதற்கும் முந்திய 2.5 எஞ்சின்களில் ஹெட் கஸ்கெட் (எஞ்சினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையிலான அடைப்புத் தகடு) கசிவு பேர்போனது. ஆகவே சுபாரு என்றால் 2016க்குப் பிந்தியதை மட்டும் பாருங்கள். சிவிடி ஒயில் மாற்றிய பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த ஒயில் ஆயுள் முழுதும் போதும் என்று சிலர் சொல்வார்கள். எந்த ஒயிலும் சூட்டில் பழுதாகும் என்பதால் 1,00,000 கிலோமீட்டருக்குள் மாற்ற வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

ஹொண்டா சிஆர்-வி இடவசதியில் இவற்றில் சிறந்தது. ஆனால் 2017, 2018 மொடல்களின் 1.5 லீற்றர் டேர்போ எஞ்சின் உங்கள் ஊருக்கும் உங்கள் ஓட்டத்துக்கும் பொருந்தாது என்பது என் கணிப்பு. காரணம் இதுதான்: கடும் குளிரில் பத்து நிமிடம் மட்டும் ஓட்டி நிறுத்தினால் எஞ்சின் முழுதாகச் சூடாவதில்லை. எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எஞ்சின் ஒயிலில் கலக்கிறது. ஒயில் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடும், குச்சியை முகர்ந்தால் பெற்றோல் மணக்கும், ஹீட்டரும் மெதுவாகத்தான் சூடாகும். கனடாவிலும் அமெரிக்காவின் குளிர் மாநிலங்களிலும் இது பெரிய முறைப்பாடாகி, ஹொண்டா மென்பொருளை மாற்றி உத்தரவாதத்தையும் நீட்டியது. நீண்ட தூரம் ஓடுபவருக்கு இது பெரிய விடயமில்லை. வீட்டுக்கும் உள்ளூர் மருத்துவமனைக்கும் ஓடும் காருக்கு இது விடயம். இன்னொன்று, 2022இல் கனடாவில் அதிகம் களவு போன கார் சிஆர்-விதான். வாங்குமுன் காப்புறுதி விலையைக் கேட்டுவிடுங்கள்.

2014 முதல் 2018 வரையான நிசான் ரோக் மலிவாகக் கிடைக்கும். அதன் சிவிடியின் பழுது வரலாற்றைப் பார்க்கையில் உங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

எந்தக் காராக இருந்தாலும் நான்கு டயரையும் பாருங்கள். ஒரே நிறுவனம், ஒரே வகை, ஒரே அளவு தேய்மானம். ஆல் வீல் டிரைவில் ஒரு டயர் மட்டும் புதிதாக இருந்தால் அதன் சுற்றளவு பெரிது, மற்றவை அதைவிட வேகமாகச் சுழலும். நேர் வீதியிலும் இந்த வித்தியாசத்தை, முன் பின் சக்கரங்களுக்கிடையே சக்தியைப் பகிரும் கிளட்ச் உரசி உரசிச் சமாளிக்கும். சுபாரு அனுமதிக்கும் சுற்றளவு வித்தியாசம் 6 மில்லிமீற்றர்தான். ஆணி குத்தியது என்று ஒற்றை டயர் மாற்றி, ஒன்றரை வருடத்தில் பின்பக்கக் கிளட்ச் எரிந்து வந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். 200 டொலர் டயர் 2,000 டொலர் வேலையைக் கொண்டு வந்தது. விற்பவர் நான்கு டயரை எப்படிப் பார்த்தார் என்பதிலேயே காரை எப்படிப் பார்த்தார் என்பது தெரிந்துவிடும்.

அப்புறம் துரு. இங்கே காரை முதலில் கொல்வது உப்புத்தான், எஞ்சின் அல்ல. காரைத் தூக்கியில் ஏற்றிப் பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். பின்பக்க சப்ஃபிரேம் (பின்சக்கர அமைப்பைத் தாங்கும் சட்டம்), பிரேக் குழாய்கள், பின் டிஃபரன்ஷியலில் (பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் கியர்ப் பெட்டி) ஒயில் ஈரம், சக்கரத் தண்டின் ரப்பர் உறைகள் இவற்றை மெக்கானிக்கிடம் குறிப்பாகக் கேளுங்கள். மேற்பரப்பில் செம்மண் நிறம் இருந்தால் பரவாயில்லை. சுத்தியலால் தட்டும்போது பொருக்கு உதிர்ந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். அடியில் புதிதாகக் கறுப்பு நிறம் அடித்திருந்தால் இன்னும் கவனம், அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

பார்க்கப் போகும்போது எஞ்சினை முன்கூட்டியே ஓட விட வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லி வையுங்கள். குளிர்ந்த எஞ்சின் பொய் சொல்லாது. ஓட்டிப் பார்க்கும்போது வெறும் பார்க்கிங் திடலில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, இரண்டு பக்கமும் மெதுவாக வட்டம் போடுங்கள். முனகல், டக்டக் சத்தம், டயர் துள்ளுவது போன்ற உணர்வு வந்தால் ஆல் வீல் டிரைவ் பகுதியில் வேலை இருக்கிறது. சிஆர்-வியில் முனகல் மட்டும் என்றால் பெரும்பாலும் பின் டிஃபரன்ஷியல் ஒயில் மாற்றினால் போய்விடும்.

காகித விடயத்தில் இரண்டே எச்சரிக்கை. பாதுகாப்புச் சான்றிதழ் என்பது சோதித்த அன்று கார் குறைந்தபட்ச தரத்தில் இருந்தது என்பதற்கு மட்டும் சாட்சி, உத்தரவாதம் இல்லை. ஒன்ராறியோவில் டீலரிடம் கையெழுத்துப் போட்டபின் மனம் மாறித் திருப்பிக் கொடுக்கும் உரிமை கிடையாது. ஆகவே சோதனை முடிந்தபின்தான் பேனாவை எடுங்கள். தனியாரிடம் வாங்கினால், விலையைக் குறைத்து எழுதினாலும் வரி குறையாது. சந்தை மதிப்பு கூடுதலாக இருந்தால் அதற்குத்தான் வரி போடுவார்கள்.

கடைசியாக, கொரோலாவின் டயர்கள். பொருந்தாது. டயர் அளவும் வேறு, பாரமும் வேறு, பெரும்பாலும் றிம்மின் ஆணி இடைவெளியும் வேறு. டயரின் பள்ளங்களின் ஆழம் 4 மில்லிமீற்றருக்கு மேல் நன்றாக இருந்தால் அவற்றைக் கொரோலாவோடு சேர்த்தே ஒக்டோபரில் விற்றுவிடுங்கள், அந்த மாதத்தில் வாங்குபவர்கள் அதற்கு நல்ல விலை தருவார்கள். புதிய செட்டை 17 அங்குல இரும்பு றிம்மில் வாங்குங்கள். மலைச் சிகரத்துக்குள் பனிச்செதில் (ஸ்னோஃபிளேக்) வரைந்த அடையாளம் டயரின் பக்கவாட்டில் இருக்க வேண்டும். நான்கும் போட்டதும் காப்புறுதி நிறுவனத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள். 2016இலிருந்து ஒன்ராறியோவில் வின்டர் டயருக்குக் காப்புறுதிக் கழிவு கொடுக்க வேண்டும் என்பது விதி. அவர்களாக அழைத்துத் தர மாட்டார்கள்.