கோத்தகிரி ஓடைத் தட்டானுக்கு ஏன் பெயர் கிடைக்கவில்லை

கோத்தகிரி ஓடையில் படமெடுத்த, கருப்பும் மஞ்சளுமாக இருந்த பெரிய தட்டானுக்கு, படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் செயலி இரண்டு பெயர் சொல்கிறது, பிடித்து ஊசி குத்தி வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். செத்ததும் கண்ணின் நிறம் மங்கிவிடும். ஓடை காப்புக்காட்டுக்குள் வந்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் பிடிப்பது தவறும்கூட.

உங்கள் படம் மேலிருந்து எடுக்கப்பட்டது, சிக்கலே அதுதான். இந்த மலைகளில் கருப்பு-மஞ்சள் தட்டான்கள் பல குடும்பங்களில் உண்டு. முதலில் முகத்தை நேராக எடுங்கள். இரு கண்களும் நன்றாக விலகி இருந்தால் கோம்பிடே குடும்பம். உச்சியில் நீளமாக ஒட்டியிருந்தால் மாக்ரோமியா என்ற பேரினமாக இருக்கலாம். அடுத்து மார்பின் பக்கவாட்டுப் பட்டைகள். பிறகு வால் நுனி: ஆணின் பற்றுக்கொடுக்குகளின் (இணையும்போது பெண்ணைப் பற்றும் கொடுக்குகள்) வடிவம்தான் பல இனங்களில் கடைசித் தீர்ப்பு. வயிற்றின் அடிப்பகுதியில், மார்பை ஒட்டி, சிறு புடைப்பு தெரிந்தால் அது ஆண்.

எஃப். சி. பிரேசர் 1933 முதல் 1936 வரை மூன்று தொகுதிகளாக எழுதிய இந்தியத் தட்டான் நூலிலும் இறக்கை நரம்புகளும் இந்தக் கொடுக்குகளுமே பக்கம் பக்கமாக வரும். மனிதர் ராணுவ மருத்துவர், பொறுமை அசாத்தியம்.

வெயில் ஏறுவதற்கு முன் போங்கள். குளிரில் உடல் சூடேறும்வரை அவை செடியிலேயே தொங்கும், நெருங்க விடும். அந்த மூன்று கோணங்களையும், ஓடையின் உயரத்தையும், தேதியையும் சேர்த்து இங்கேயே போடுங்கள், பார்க்கலாம்.