கருந்துளைத் தாரைகளின் எக்ஸ் கதிர்த் தளவிளைவு: சேலம் வாசகர் கேள்வி பதில்

அம்மாபேட்டை: தளவிளைவு 10 விழுக்காடு என்றால் என்ன பொருள் ஐயா?

பதில்: ஒளி அலையின் மின்புலம் எந்த அளவுக்கு ஒரே திசையில் அசைகிறது என்பதே தளவிளைவு. தறியில் பாவு இழைகள் கிடப்பதுபோல எல்லா ஃபோட்டான்களின் (ஒளித்துகள்களின்) மின்புலமும் ஒரே திசையில் அசைந்தால் 100. சிக்கல் நூலாகக் கிடந்தால் 0. கருந்துளையின் அருகிலிருந்து ஒளிக்கு நெருங்கிய வேகத்தில் பீறிடும் பொருளோட்டமே தாரை. இந்தத் தாரைகளில் எக்ஸ் கதிரைத் தருபவை காந்தப்புலத்தில் சுழலும் எலக்ட்ரான்கள். புலம் முழுக்கச் சீராக இருந்தாலும் சுமார் 70–80தான் வரும். நம்மை நோக்கித் தாரை பீறிடும் விண்மீன் திரளான மார்க்கேரியன் 501இல், எக்ஸ் கதிரின் தளவிளைவை அளக்கும் ஐக்ஸ்பீ செயற்கைக்கோள் 2022 மார்ச்சில் கண்டது சுமார் 10. கண்ணுறு ஒளியில் அதில் பாதிதான். தளவிளைவின் திசையோ தாரைக்கு இணை. அதிர்ச்சி அலையில் முடுக்கப்பட்ட எலக்ட்ரான்களில் அதிக ஆற்றல் உள்ளவை, அதாவது எக்ஸ் கதிரைத் தருபவை, புலம் சீராக உள்ள இடத்தைத் தாண்டும் முன்பே ஆற்றலை இழந்துவிடுகின்றன என்பதற்கு இது வலுவான சான்று.

ஏற்காடு: எங்கள் மலை 1500 மீட்டர். இங்கிருந்து அளக்கலாமா?

பதில்: எக்ஸ் கதிரை முடியாது, காற்று விழுங்கிவிடும். கண்ணுறு ஒளியில் அளக்கலாம். அது நல்ல துணைத்தரவு. இதேபோன்ற இன்னொரு விண்மீன் திரளான மார்க்கேரியன் 421 மார்ச் தொடக்கத்தில் நள்ளிரவில் வடக்கே சுமார் 64 பாகை உயரத்தில் நிற்கும். போலராய்டு வடிகட்டியை 0, 45, 90, 135 பாகைகளில் வைத்துப் படமெடுங்கள். நிலவுள்ள இரவு வேண்டாம்: சிதறிய நிலவொளிக்கே தளவிளைவு உண்டு. தளவிளைவற்ற நட்சத்திரம் ஒன்றையும் அளந்து, கருவியின் பங்கைக் கழியுங்கள்.

ஐந்து ரோடு: மார்க்கேரியன் 421இன் 2022 ஜூன் ஐக்ஸ்பீ தரவை மொத்தமாகக் கூட்டினால் தளவிளைவே வரவில்லை. எங்கே பிழை?

பதில்: கூட்டியதில்தான். அப்போது தளவிளைவின் கோணம் நாளுக்கு 80 முதல் 90 பாகை வரை சுழன்றது. 90 பாகை விலகிய இரு திசைகள் ஒன்றையொன்று அழித்துவிடும். தரவை நேரக்கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஸ்டோக்ஸ் க்யூ, யூ (தளவிளைவின் அளவையும் கோணத்தையும் சேர்த்துக் குறிக்கும் இரு எண்கள்) இரண்டையும் கணக்கிடுங்கள். கோணங்களை நேரடியாகச் சராசரி எடுக்காதீர்கள். ரொம்பப் பொடியாகவும் நறுக்கக் கூடாது. பின்னணியை விட்டுவிட்டால், 99 விழுக்காடு நம்பகத்துக்குக் கண்டறியக்கூடிய குறைந்த அளவு 4.29 ÷ (பண்பேற்றக் காரணி × √ஃபோட்டான் எண்ணிக்கை). முழுத் தளவிளைவுள்ள ஒளிக்குக் கருவி எவ்வளவு ஏற்ற இறக்கம் காட்டும் என்பதே பண்பேற்றக் காரணி. அது 0.3 என்றால், 1,00,000 ஃபோட்டானுக்கு 4.5 விழுக்காடு, 10,000க்கு 14.3. தளவிளைவைக் கணக்கிட க்யூ² + யூ²இன் வர்க்கமூலம் எடுப்பதால் வெறும் இரைச்சலும் நேர் எண்ணாகத்தான் வரும். இந்தக் குறைந்த அளவுக்குக் கீழே வந்ததை அளவீடாக எழுதாமல் மேல்வரம்பாக எழுதுங்கள்.

சூரமங்கலம்: நம் நாட்டின் எக்ஸ்போசாட் செயற்கைக்கோள் இதற்கு உதவுமா?

பதில்: 2024 ஜனவரி 1இல் ஏவப்பட்ட அதன் போலிக்ஸ் கருவி 8–30 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (ஃபோட்டான் ஆற்றலின் அலகு) வரம்பில் அளக்கிறது, ஐக்ஸ்பீயின் வரம்பு 2–8. மார்க்கேரியன் 421 போன்றவை 8க்கு மேல் வேகமாக மங்குவதால் ஃபோட்டான் சேர்ப்பது கடினம்.