மணாலி முதல் நுப்ரா வரை சைக்கிளில்: கேள்வி பதில்

இந்தியாவின் மணாலியிலிருந்து லடாக்கின் லே நகருக்கும், அங்கிருந்து கர்துங் லா கணவாயைத் தாண்டி நுப்ராவின் மணல்மேடுகளுக்கும் குழுவாகச் சைக்கிளில் செல்லத் திட்டமிடும் கொழும்பு அன்பர்கள் கேட்டவற்றுக்கு, அந்தப் பாதையில் இருமுறை சென்றவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து: ஞாயிறுதோறும் நீர்கொழும்பு வரை சென்று திரும்புகிறோம்; நுவரெலியாவுக்கும் ஏறியிருக்கிறோம். இந்தப் பயிற்சி போதுமா, அண்ணா?

கால்களுக்குப் போதும், மூச்சுக்குப் போதாது. அவிசாவளையிலிருந்து கினிகத்தேனை, ஹற்றன் வழியாக நுவரெலியாவுக்குச் சுமையோடு ஏறக்கூடியவரின் கால்கள் இமயத்திலும் அவரைக் கைவிடமாட்டா. ஆனால் நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நீங்கள் சைக்கிளை மிதிக்கத் தொடங்கும் மணாலியோ 2,050 மீற்றர். 5,000 மீற்றரில் காற்றழுத்தம் கொழும்பில் உள்ளதன் பாதியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அதற்கு இலங்கையில் பயிற்சி எடுக்க இடமே இல்லை. உடல் அதை அங்கே போய்த்தான் பழகிக்கொள்கிறது.

கொட்டாஞ்சேனையிலிருந்து: லே வரை 430 கிலோமீற்றர் என்கிறார்கள். நாளொன்றுக்கு 60 என்று வைத்தால் எட்டு நாட்களில் முடியாதா?

அந்த 430, ரோதாங் கணவாயின் அடியில் 2020இல் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை வழியான தூரம். கணவாயின் மேலாகச் சென்றால் இன்னும் சுமார் 45 கிலோமீற்றர் கூடும். அது ஒருபுறம் இருக்கட்டும். இந்தப் பயணத்தைக் கிலோமீற்றரால் வகுக்கக் கூடாது, இரவு எங்கே படுக்கிறோம் என்பதைக் கொண்டே வகுக்க வேண்டும். 3,000 மீற்றரைத் தாண்டிய பின்னர், ஓர் இரவு படுத்த இடத்தைவிட அடுத்த இரவு படுக்கும் இடம் 500 மீற்றருக்கு மேல் உயரக் கூடாது என்பதும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஒரு நாள் தங்கி ஓய்வெடுக்க வேண்டும் என்பதும் மலை மருத்துவர்கள் வகுத்த பொது விதி. பகலில் கணவாய் ஏறி இறங்குவது வேறு, அங்கேயே உறங்குவது வேறு.

மணாலிக்குப் பின் வரும் கேலாங், ஜிஸ்பா என்ற ஊர்கள் இரண்டும் 3,100, 3,200 மீற்றர் அளவில் இருப்பதால் அங்கே சோம்பலாக இரண்டு மூன்று நாட்களைக் கழியுங்கள். பின்னர் ஒரே நாளில் சிங் சிங் பாருக்கு (சுமார் 4,270) ஏறாமல் இடையில் பட்சியோவில் (சுமார் 3,800) ஒரு கூடாரம் அடியுங்கள். அதன் பின் பாரலாச்சா லா கணவாயைக் கடந்தால் சர்ச்சு வரும். இந்தப் பாதையின் பொறி அதுதான். சர்ச்சு சுமார் 4,290 மீற்றரில் ஒரு சமவெளி. பின்னால் பாரலாச்சா லா, முன்னால் லாச்சுங் லா. அங்கே ஒருவருக்கு உடம்புக்கு முடியாமற் போனால், கீழே இறங்குவதற்கே முதலில் மேலே ஏற வேண்டும்.

எங்கள் முதற் பயணத்தில் ஒரு நண்பர், தன்னால் மற்றவர்களுக்குத் தாமதம் வேண்டாம் என்று, தலைவலியை இரண்டு நாட்கள் மறைத்துவிட்டார். சர்ச்சுவில் காலையில் சப்பாத்துக் கயிற்றைக் கையில் பிடித்தபடி, அதை எப்படிக் கட்டுவது என்று மறந்தவர் போல நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். எழுப்பி நடக்கவிட்டபோது தள்ளாடினார். தள்ளாட்டம் மூளை வீக்கத்தின் அறிகுறி, அதன் பின் காத்திருக்கக் கூடாது. எதிரே வந்த லொறியை மறித்து, ஒருவரைத் துணைக்கு அனுப்பிக் கேலாங் மருத்துவமனைக்கு இறக்கினோம். மறுநாள் தொலைபேசியில், இங்கே இடியப்பம் கிடைக்காதா என்று கேட்டார். எனவே உங்கள் எட்டு நாட்களைப் பதின்மூன்றாக்குங்கள். விடுமுறை கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டு செல்லுங்கள்.

அதே அன்பர்: அசெற்றசோலமைட் மாத்திரை போட்டுக்கொண்டு வேகமாக ஏறலாமா?

கூடாது. அது உடல் பழகுவதற்கு உதவும் மருந்து, வேகத்துக்கான அனுமதிச் சீட்டு அல்ல. சல்பா மருந்துகள் ஒவ்வாதவர்கள் கொழும்பிலேயே வைத்தியரிடம் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தெஹிவளையிலிருந்து: சமையலுக்கு அரிசி கொண்டு செல்லலாமா?

4,500 மீற்றரில் நீர் ஏறத்தாழ 85 பாகையிலேயே கொதித்துவிடும், ஆகவே திறந்த சட்டியில் சோறு எளிதில் வேகாது. வழியோரக் கூடாரக் கடைகளில் பிரஷர் குக்கர் கூவும். அங்கேயே சோறும் பருப்பும் சாப்பிடுங்கள். கையில் அவலும் நூடில்ஸும் போதும். கட்டச்சம்பல் கொண்டுபோவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை, ஆனால் கொழும்பில் இறுக மூடிய போத்தலை மேலே திறக்கும்போது முகத்துக்கு நேராகப் பிடிக்காதீர்கள். பிஸ்கட் பைக்கற்றுகள் தலையணை போல ஊதியிருக்கும். எரிவாயுக் குப்பிகளை விமானத்தில் ஏற்ற முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மட்டக்குளியிலிருந்து: வெயிலுக்குப் பழகிய நமக்குப் பாலைவனம் அவ்வளவு கடினமா, ஐயா?

இது குளிர்ப் பாலைவனம். மழைமேகங்களை இமயம் தெற்கிலேயே தடுத்துவிடுவதால், லேயில் ஆண்டு முழுவதும் பெய்வது 100 மில்லிமீற்றர் அளவே. நமக்கு ஒரு நல்ல அடைமழை நாளில் அது கொட்டிவிடும். கொழும்பில் சட்டை நனைவதால் நீர் இழப்பது தெரியும். அங்கே வியர்வை வந்த கணமே காய்ந்துவிடும். மாலையில் சட்டையில் வெள்ளைக் கோடாக உப்பு படிந்திருப்பதைப் பார்த்துத்தான் உணர்வோம். பாங் என்ற இடத்தைக் கடந்ததும் வரும் மோரே சமவெளியில் ஏறத்தாழ 40 கிலோமீற்றருக்கு நிழல் என்பதே கிடையாது, ஆளுக்கு ஐந்து லீற்றர் நீர் வேண்டும். நண்பகலுக்குப் பின் காற்று எழும் என்பதால் விடியற்காலையிலேயே புறப்பட்டு, ஒருவர் பின் ஒருவராக வரிசையில், முன்னே செல்பவரை மாற்றி மாற்றி மிதியுங்கள். மற்ற இடங்களில் எல்லாரும் ஒட்டிக்கொண்டு செல்லத் தேவையில்லை. ஆனால் கருவிப்பெட்டியும் முதலுதவிப் பையும் எப்போதும் கடைசி ஆளிடமே இருக்க வேண்டும். வேகமானவர் அவற்றைச் சுமந்தால் பழுதுபட்டவருக்கு அவை எட்டா.

பம்பலப்பிட்டியிலிருந்து: எந்த மாதம்? தொடர்புக்கு என்ன செய்வது?

ஓகஸ்ட் இறுதியும் செப்டம்பர் முற்பாதியும். பனியுருகும் ஓடைகள் அப்போது தணிந்திருக்கும். அப்படியும் அவற்றைக் காலையிலேயே கடந்துவிடுங்கள், பிற்பகலில் நீர் பெருகும். வெளிமாநில முற்கொடுப்பனவு சிம் லடாக்கில் வேலை செய்யாது. செய்மதித் தொலைபேசியை அனுமதியின்றி இந்தியாவுக்குக் கொண்டு செல்வது குற்றம், ஆகவே அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். நுப்ராவுக்கு வெளிநாட்டவர் தனி அனுமதி பெற வேண்டும்.

அவரே: கர்துங் லா உண்மையிலேயே 18,380 அடியா?

பலகையில் நெடுங்காலம் அப்படித்தான் எழுதியிருந்தது. அளந்தவர்கள் 5,359 மீற்றர் என்கிறார்கள், அதாவது சுமார் 17,580 அடி. படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அரை மணிக்கு மேல் அங்கே நிற்காதீர்கள். வடக்குப் பக்க இறக்கத்தில் பனிநீர் வழியும் வளைவுகள் இருப்பதால், பிரேக் கட்டைகளை முதல் நாளே லேயில் மாற்றிவிடுங்கள்.